'பேச முடிகிறதே, அப்புறம் எப்படி மூச்சு முட்டும்?'

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். அமெரிக்கப் போலீஸ் ஆளைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றி அமுக்குவதும், கழுத்தைக் கையால் வளைத்துப் பிடிப்பதும் பயிற்சி பெற்றவர்கள் செய்தால் ஆபத்தில்லை என்று சில மருத்துவர்களே ஆராய்ச்சியைக் காட்டிச் சொல்கிறார்கள். அப்படியிருக்க ஏன் தடை கேட்கிறார்கள் என்பது ஒன்று. 'மூச்சு முட்டுகிறது' என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிற ஒருவருக்கு உண்மையில் எப்படி மூச்சு முட்டும் என்பது இன்னொன்று.

நான் இருபது வருடத்துக்கும் மேலாக மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை பார்த்தவன். போலீஸ் விலங்கு மாட்டிக் கூட்டி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், நாங்களே ஐந்தாறு பேர் சேர்ந்து கட்டிலில் பிடித்து வைக்க வேண்டிவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதாலேயே உயிர்கள் போயிருக்கின்றன.

2004 ஏப்ரலில் இங்கிலாந்தின் ரெய்ன்ஸ்புரூக் சிறுவர் காவல் மையத்தில் கேரத் மயட் என்ற 15 வயதுப் பையன் இறந்தான். அவன் எடை சுமார் 41 கிலோதான். ரொட்டி வாட்டும் கருவியைச் சுத்தம் செய்ய மறுத்ததில் ஆரம்பித்த தகராறு அது. மூன்று பெரியவர்கள் அவனை உட்கார்ந்த நிலையில் இரண்டு பக்கமும் அணைத்து, முன்னால் குனிய வைத்துப் பிடித்தார்கள். அரசு அங்கீகரித்த பிடி அது, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பிடி. பையன் மூச்சு விட முடியவில்லை என்றான். கத்த முடிகிறதென்றால் மூச்சு விடவும் முடியும் என்ற மாதிரி பதில் வந்தது. அதற்கப்புறம் அவன் எழுந்திருக்கவில்லை. அந்தப் பிடியைப் பின்னால் திரும்பப் பெற்றார்கள்.

பதினாறு வருடம் கழித்து, 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் தார்ச்சாலையில் குப்புறக் கிடந்தபோது அவர் கழுத்தின் மேல் முழங்காலை வைத்திருந்த போலீஸ் அதிகாரி டெரெக் ஷாவினும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். இவ்வளவு பேசுவதற்கு நிறைய ஆக்சிஜன் வேண்டுமே, பேச்சை நிறுத்து என்று. நாடு வேறு, சீருடை வேறு, நம்பிக்கை மட்டும் அதே நம்பிக்கை. அது ஏன் தப்பு என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம்.

சாதாரணமாக ஒருவர் ஒரு தடவை இழுக்கும் மூச்சு சுமார் 500 மில்லி லிட்டர். இதில் ஏறக்குறைய 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வரைக்கும் போய்த் திரும்பிவிடும். ரத்தத்தோடு வாயுக்கள் பரிமாறிக்கொள்ளும் நுண்ணறைகளை அது எட்டாது. மிச்சமுள்ள 350 மில்லிதான் உயிருக்கு உதவுகிறது. இப்போது முதுகில் பாரம் ஏறி, மூச்சின் அளவு 200 மில்லியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கும் கொஞ்சம் கீழே போயிருக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 150 கழிந்தே ஆக வேண்டும், ஆகவே நுண்ணறைக்குப் போவது வெறும் 50. ஏழில் ஒரு பங்கு. பேசுவதற்கு எவ்வளவு வேண்டும்? ஆங்கிலத்தில் 'ஐ காண்ட் ப்ரீத்' என்று சொல்வதற்கு, ஒரு அசைக்கு ஏறத்தாழ 50 மில்லி என்று வைத்தால், 150 மில்லி வெளிக்காற்று போதும். நுண்ணறையை எட்டாமலே போய்வரும் காற்றின் அளவு அது. ஆக ஒருவர் செத்துக்கொண்டிருக்கும்போதே அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல முடியும். குரல் வருகிறது என்றால் குரல்நாண் வழியாகக் கொஞ்சம் காற்று போகிறது என்று மட்டுமே பொருள்.

ஷாவின் வழக்கில் நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபின் 2021 ஏப்ரல் 8 அன்று சாட்சி சொன்னதை முடிந்தால் முழுதாகப் பாருங்கள். ஜூரிகளைத் தங்கள் கழுத்தைத் தாங்களே தொட்டுப் பார்க்கச் சொல்லி விளக்கினார். பேச முடிந்தால் அந்த நொடியில் மூச்சு ஓடுகிறது என்பது சரிதான், ஆனால் அதை நம்பி நிம்மதியாக இருப்பது பெரிய ஆபத்து என்றார். ஃபிளாய்டின் உடலில் இருந்த ஃபென்டனில் என்ற போதை மருந்துதான் மூச்சை நிறுத்தியது என்று எதிர்த்தரப்பு சொன்னதற்கும் அவர் காணொளியிலிருந்தே பதில் எடுத்தார். ஃபிளாய்ட் நினைவிழப்பதற்கு முன் அவர் மூச்சை எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு 22. ஃபென்டனில் அமுக்கியிருந்தால் அது பத்துப் பன்னிரண்டுக்கு வந்திருக்க வேண்டும். கண்ணெதிரே இருந்த சான்றை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். ஒரு மருத்துவர் நீதிமன்றத்தில் செய்யக்கூடிய நேர்மையான வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஆராய்ச்சிகள்.

1980களில் சியாட்டில் பகுதியின் தலைமைப் பிரேதப் பரிசோதகராக இருந்த டொனால்ட் ரே, கைகளையும் கால்களையும் பின்னால் சேர்த்துக் கட்டிக் குப்புறப் போட்டவர்கள் இறப்பதைக் கவனித்தார். உடற்பயிற்சி செய்து களைத்தவர்களை அப்படிக் கட்டிப் போட்டால் அவர்கள் ரத்த ஆக்சிஜன் இயல்புக்குத் திரும்ப நேரம் பிடிக்கிறது என்று 1988-ல் எழுதினார். படுக்கை நிலையாலேயே மூச்சுத்திணறி இறப்பது என்ற கருத்து போலீஸ் வட்டாரத்துக்குள் இப்படித்தான் நுழைந்தது. 1995-ல் அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. விலங்கு மாட்டிய உடனே ஆளை வயிற்றுப் பக்கத்திலிருந்து திருப்பிவிடுங்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. மூச்சு கிடைக்காதவர் திமிறுவார், அந்தத் திமிறலை எதிர்ப்பு என்று நினைத்து அதிகாரி இன்னும் அமுக்குவார், அவர் இன்னும் திமிறுவார் என்ற சுழலையும் அது விவரிக்கிறது. இது எழுதப்பட்டு 25 வருடம் கழித்துத்தான் ஃபிளாய்ட் இறந்தார். யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வழியே இல்லை.

நடுவில் என்ன ஆனது? சான்டியாகோவில் ஒரு மரணம் வழக்காக வந்தபோது, அங்குள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 15 ஆரோக்கியமான ஆண்களைப் பயிற்சி செய்ய வைத்து, பின்னால் கட்டிக் குப்புறப் படுக்க வைத்துச் சோதித்தார்கள். நுரையீரலின் கொள்ளளவு குறைந்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கவில்லை. 1997-ல் இது வெளியானது. அடுத்த வருடமே நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது, ரேயும் தன் முந்தைய முடிவு அவ்வளவு உறுதியானதில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு 2004-ல் முதுகில் 11 கிலோ, 23 கிலோ எடை வைத்தும் சோதனை நடந்தது, அதிலும் பெரிய பாதிப்பு தெரியவில்லை. நீங்கள் படித்த 'குப்புறப் பிடி பாதுகாப்பானது' என்ற வாதம் பெரும்பாலும் இந்த வரிசைச் சோதனைகளில் போய்த்தான் நிற்கும். நீதிமன்றங்களில் போலீஸ் தரப்பு இவற்றைத்தான் வருடக்கணக்காகக் கையில் வைத்திருந்தது.

அந்தச் சோதனைகளைச் செய்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அளந்ததைத்தான் எழுதினார்கள். ஆனால் யாரை அளந்தார்கள் என்று பாருங்கள். சம்மதித்து வந்தவர்கள். இதயம் நல்லபடி இயங்குகிறவர்கள். பயமில்லாதவர்கள். போதும் என்று கை காட்டினால் அந்த நொடியே எழுந்து போகக்கூடியவர்கள். தெருவில் பிடிபடுகிறவர் அப்படியா இருக்கிறார்? அவர் ஓடியிருக்கிறார், மல்லுக்கட்டியிருக்கிறார், ஒருவேளை மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளை உட்கொண்டிருக்கிறார், உயிர் போய்விடும் என்ற பீதியில் இருக்கிறார். ஐந்து பேர் மேலே இருக்கிறார்கள். எப்போது விடுவார்கள் என்று அவருக்குத் தெரியாது. இந்த நிலையை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிச் சோதிக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது. ஆகவே அந்தச் சோதனை இனியும் நடக்கப்போவதில்லை. நடக்காத சோதனையின் இடத்தில் நடந்த சோதனையைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது, இது கொஞ்சம் மருத்துவம். அவர்கள் ஆக்சிஜன் இறங்குகிறதா என்றே பார்த்தார்கள். ஆனால் பல மரணங்களில் முதலில் கெடுவது அது இல்லை. மூச்சிரைக்க ஓடி முடித்தவரைப் பாருங்கள். நின்ற பிறகும் சில நிமிடம் மூச்சு வாங்குகிறார். தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்திருக்கிறது, அந்த அமிலத்தைச் சமாளிக்க உடம்பு கார்பன் டை ஆக்சைடை வேகவேகமாக வெளியே தள்ளுகிறது. அந்த மூச்சு வாங்கல்தான் அவருடைய பாதுகாப்பு. அந்த நேரம் பார்த்து அவரைக் குப்புறப் போட்டு, கையைப் பின்னால் பூட்டி, இரண்டு பேர் முதுகில் ஏறினால் என்ன ஆகும்? வயிறு தரையில் அழுந்துவதால், மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்க இடமில்லை, விலா விரியவும் இடமில்லை. கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியில்லாமல் ரத்தத்தின் அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போகிறது. ஓர் அளவுக்கு மேல் இதயம் அதைத் தாங்காது. 1999-ல் ஜான் ஹிக்கும் சக மருத்துவர்களும் இப்படிக் கட்டுப்படுத்தப்பட்டு இதயம் நின்று வந்த ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களின் ரத்தத்தில் இருந்த அமிலத்தன்மை மிகக் கடுமையானது. அவசரப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கட்டுரை ஒரு திறப்பு. நானும் அதைப் படித்த பிறகுதான், குப்புற வைத்துக் கொண்டுவரப்படும் ஆளின் விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 96 சதவீதம் என்று காட்டினாலும் நிம்மதி அடையாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் போலீஸ் பலம் பயன்படுத்திய ஆயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களைத் தொடர்ச்சியாகப் பதிவுசெய்து ஓர் ஆய்வு வந்தது. குப்புற வைக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கானோர், அவர்களில் யாரும் இறக்கவில்லை. இது நல்ல ஆய்வு, ஒதுக்கிவிடக் கூடாது. குப்புறப் போட்டாலே ஆள் செத்துவிடுவார் என்று யாராவது சொன்னால் அதை மறுக்க இது போதும். ஆனால் ஐயாயிரத்தில் ஒருவர் இறக்கும் ஆபத்து ஒன்று இருந்தால், ஆயிரம் பேரைப் பார்க்கும் ஆய்வில் அது பெரும்பாலும் கண்ணில் படவே படாது. அமெரிக்காவில் ஒரு வருடத்தில் எத்தனை கைதுகள் நடக்கின்றன என்று யோசித்தால் அந்த 'அபூர்வம்' எத்தனை வீடுகளில் இழவாக விழும் என்பது புரியும். துப்பாக்கி இல்லாமல், உயிரைப் பறிக்காத முறை என்று கருதப்படும் பலத்தைப் போலீஸ் பயன்படுத்திய பிறகு 2012 முதல் 2021 வரை குறைந்தது 1,036 பேர் இறந்ததை அசோசியேட்டட் பிரஸ் 2024-ல் வெளியிட்ட புலனாய்வில் கணக்கெடுத்தது.

இதையெல்லாம் வைத்து என் முடிவைச் சொல்கிறேன். குப்புற வைப்பதை நான் குறை சொல்லவில்லை. முரண்டு பிடிக்கிற ஆளுக்கு விலங்கு மாட்ட அதைவிடச் சுலபமான நிலை இல்லை. மல்லாந்து கிடப்பவர் உதைப்பார், கடிப்பார், இடுப்பிலிருக்கும் துப்பாக்கியை எட்டிப் பிடிப்பார். அதிகாரிக்கும் உயிர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. ஆபத்து இருப்பது குப்புறவே வைத்திருப்பதில். விலங்கு மாட்ட ஆகும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள். அதற்குப் பிறகு கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் காரணம் கேட்க வேண்டும்.

டல்லாஸில் 2016 ஆகஸ்டில் டோனி டிம்பா என்பவர் தானே அவசர உதவி எண்ணான 911-க்குப் போன் செய்து, தனக்கு மனநோய் இருப்பதாகவும் பயமாக இருப்பதாகவும் சொல்லி உதவி கேட்டார். போலீஸ் வந்தபோது ஏற்கெனவே காவலாளிகள் அவருக்கு விலங்கு மாட்டியிருந்தார்கள். விலங்கோடு கிடந்தவரைச் சுமார் 14 நிமிடம் குப்புற வைத்து முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தார்கள். அவர் அசைவில்லாமல் போனபோது தூங்கிவிட்டார் என்று நினைத்து, பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவதுபோலக் கேலி பேசியது அதிகாரிகளின் உடல் கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தக் காணொளியை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். திமிறல் நின்றால் ஆள் அடங்கிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வேலையில் திமிறல் திடீரென்று நின்றால்தான் எல்லோரும் ஓடுவோம்.

கழுத்துப் பிடி வேறு கதை. அதில் இரண்டு வகை சொல்வார்கள். முன்கையால் குரல்வளையைக் குறுக்கே அழுத்துவது ஒன்று. கழுத்தை முழங்கை மடிப்புக்குள் வைத்து இரண்டு பக்கத்து ரத்தக்குழாய்களையும் நெருக்கி, சில நொடிகளில் மயங்க வைப்பது இன்னொன்று. இரண்டாவது பாதுகாப்பானது என்பவர்கள் ஜூடோவைக் காட்டுவார்கள். ஜூடோவில் நூறு வருடத்துக்கு மேலாகக் கழுத்தை நெரிக்கும் பிடிகள் இருக்கின்றன, மரணம் என்று பதிவாகவில்லையே என்று. உண்மைதான். ஆனால் ஜூடோவில் தட்டினால் விடுவார்கள், நடுவர் பக்கத்தில் நிற்கிறார். தெருவில் ஆள் முறுக்கித் திரும்புவார், முழங்கை நகரும், ரத்தக்குழாயில் இருந்த அழுத்தம் அரை நொடியில் குரல்வளைக்கு மாறிவிடும். பிடித்திருப்பவருக்கே அது தெரியாது.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1976-ல் காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தப்பட்ட அடால்ஃப் லயன்ஸ் என்ற கறுப்பின இளைஞரைக் கழுத்துப் பிடி போட்டு மயங்க வைத்தார்கள். அவர் பிழைத்தார், வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1983-ல் 5-க்கு 4 என்று தோற்றது. உனக்கே மறுபடியும் இப்படி நடக்கும் என்று காட்ட முடியாததால் தடை கேட்க உனக்கு உரிமையில்லை என்றது பெரும்பான்மை. மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி தர்குட் மார்ஷல், 1975-லிருந்து அந்த ஊர்ப் போலீஸின் கழுத்துப் பிடிக்குப் பிறகு 16 பேர் இறந்திருக்கிறார்கள், அதில் 12 பேர் கறுப்பின ஆண்கள் என்று எழுதினார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1982-ல், லாஸ் ஏஞ்சல்ஸ் இந்தப் பிடிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது யோசிக்க வேண்டிய விஷயம். கழுத்துப் பிடி போனதும் தடியின் புழக்கம் கூடியது. 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அந்த ஊர்ப் போலீஸ் தடியால் அடித்த காணொளி உலகம் முழுக்க ஓடியது. அந்த இடத்தில் பொறுப்பிலிருந்த சார்ஜென்ட், கழுத்துப் பிடி இருந்திருந்தால் இவ்வளவு அடி தேவைப்பட்டிருக்காது என்று பிற்பாடு வாதாடினார். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை, விழுந்து கிடக்கிற ஆளை அடித்ததற்கு அது சமாதானம் ஆகாது. ஆனால் ஒரு முறையை மட்டும் தடை செய்துவிட்டு உட்கார்ந்தால் பலம் இன்னொரு வாசல் வழியாக வந்துவிடும் என்பது மெய். நியூயார்க் போலீஸ் கழுத்துப் பிடியை 1993-லேயே தடை செய்துவிட்டது. எரிக் கார்னர் அதே நியூயார்க்கில் அந்தப் பிடியில் சிக்கி, மூச்சு விட முடியவில்லை என்று 11 தடவை சொல்லி இறந்தது 2014 ஜூலையில். பிரேதப் பரிசோதனை கழுத்து அழுத்தத்தோடு, மார்பு அழுத்தத்தையும் குப்புற வைத்ததையும் சேர்த்தே காரணமாகச் சொன்னது. வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் பெரும் ஜூரி குற்றம் சாட்ட மறுத்தது, பிடி போட்ட அதிகாரி வேலையிழந்தது 2019-ல்தான்.

மின்சாரம் பாய்ச்சி ஆளை முடக்கும் டேசர் கருவி பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி. துப்பாக்கிக்குப் பதிலாகப் பயன்படுத்தினால் அது உயிரைக் காப்பாற்றும் கருவி. வாய்ப்பேச்சுக்குப் பதிலாகப் பயன்படுத்தினால் இல்லை. தயாரிப்பு நிறுவனமே 2009-ல் மார்பைக் குறிவைப்பதைத் தவிர்க்கச் சொல்லிப் பயிற்சிக் குறிப்பு வெளியிட்டது. இதயத்துக்கு ஒன்றும் ஆகாது என்று அதுவரை பேசியவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

இந்த விவாதத்தில் எனக்கு அதிகம் கோபம் வருவது என் சொந்தத் துறை மேல்தான். போலீஸ் பிடியில் ஆள் இறந்தால் சான்றிதழில் காரணம் எழுதுகிறவர் மருத்துவர். 1985-ல் மியாமி மருத்துவர்கள் கோகெய்ன் உட்கொண்டவர்கள் வெறிபிடித்தாற்போல் ஆகித் திடீரென்று இறப்பதாக எழுதி, 'எக்ஸைட்டட் டெலிரியம்' என்ற பெயரை வைத்தார்கள். அதற்கு ரத்தப் பரிசோதனை இல்லை, திசுவில் தெரியும் அடையாளம் இல்லை. இருந்தும் முப்பது வருடத்துக்கு மேல் அது மரணக் காரணமாக எழுதப்பட்டது. மேலே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தது சான்றிதழில் காணாமல் போனது. 2019 ஆகஸ்டில் கொலராடோவின் அரோராவில் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த எலைஜா மெக்லேன் என்ற 23 வயது இளைஞர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. கழுத்துப் பிடி போட்டார்கள். பிறகு வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் இந்தப் பெயரைச் சொல்லி கெட்டமின் என்ற மயக்க மருந்தை 500 மில்லிகிராம் ஊசியாகப் போட்டார்கள். அவர் எடைக்கு அது மிக அதிகம். ஊசி போட்ட இரண்டு பேரும் 2023 டிசம்பரில் தண்டனைக்குரியவர்கள் என்று தீர்ப்பானார்கள்.

அதே 2023-ல் அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் இந்தப் பெயருக்கு ஆதரவாகத் தான் 2009-ல் வெளியிட்ட அறிக்கையைத் திரும்பப் பெற்றது. பிரேதப் பரிசோதகர்களின் தேசியச் சங்கமும் கைவிட்டது. கலிஃபோர்னியா சட்டம் போட்டே அதை மரணக் காரணமாக எழுதக் கூடாது என்றது. ஷாவினுக்காகச் சாட்சி சொன்ன மேரிலாண்ட் மாநில முன்னாள் தலைமைப் பிரேதப் பரிசோதகர் டேவிட் ஃபௌலரின் காலத்தில் காவலில் நிகழ்ந்த 87 மரணங்களை வெளி நிபுணர்கள் மறுபடி பார்த்தார்கள். 36 மரணங்களைப் பிறர் செயலால் நேர்ந்தவை என்று வகைப்படுத்தியிருக்க வேண்டும் என்று 2025-ல் ஒருமித்துச் சொன்னார்கள். அந்த 36 குடும்பங்களுக்கு இத்தனை வருடமாக 'இயற்கையாக', 'விபத்தாக', 'காரணம் தீர்மானிக்க முடியாமல்' என்றெல்லாம் எழுதிக் கொடுத்த காகிதங்கள்தான் கையில் இருந்தன.

நம் ஊரில் போலீஸ் பலம் என்று பேச்செடுத்தால் சாத்தான்குளமும் லத்தியும்தான் முன்னால் வருகின்றன. அது பூட்டிய அறைக்குள் நடந்த அடி, எந்தக் கையேட்டிலும் இல்லாதது. ஆகவே இந்த விவாதத்துக்குள் அதை நான் இழுக்கவில்லை. ஆனால் வீட்டில் மனநிலை முறிந்து கத்துகிற ஒருவரைச் சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து குப்புற அமுக்கிப் பிடிப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மருத்துவமனை வார்டிலும் நடக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கட்டுப்படுத்தலாம், அதற்கும் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும் என்கிறது. முதுகில் ஏறாதீர்கள். கை கால்களைப் பிடியுங்கள். கொஞ்சம் அடங்கியதும் பக்கவாட்டில் திருப்புங்கள், முகம் உங்களுக்குத் தெரியட்டும்.

நான் கற்றுக்கொண்ட பயிற்சியில் ஐந்து பேர் பிடித்தால் ஒருவருக்கு வேறு வேலையே கிடையாது. தலைமாட்டில் இருந்து முகத்தைப் பார்ப்பார், மூச்சைப் பார்ப்பார், நோயாளியோடு பேசிக்கொண்டே இருப்பார். அவர் விடு என்றால் வயது, பதவி பார்க்காமல் எல்லோரும் கையை எடுக்க வேண்டும். ஒரு தடவை எங்கள் குழுவில் படிப்பை முடிக்காத மாணவி ஒருத்திதான் தலைமாட்டில் இருந்தாள். சீனியர் டாக்டர் இன்னும் பிடியுங்கள் என்றபோது அவள் விடுங்கள் என்றாள். விட்டோம். அந்த நோயாளியின் உதடு நீலமாகிவிட்டிருந்தது.

'பயிற்சி பெற்றவர் செய்தால்' என்று நீங்கள் கேட்டதற்கு இதைச் சொல்லி முடிக்கிறேன். ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்திருந்த ஷாவினுக்கு 19 வருட அனுபவம், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. கால்களைப் பிடித்திருந்த தாமஸ் லேனுக்கு அது வேலையில் நாலாவது நாள். பக்கவாட்டில் திருப்பலாமா என்று லேன் கேட்டார். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றார் ஷாவின். எக்ஸைட்டட் டெலிரியமாக இருக்குமோ என்று லேன் இழுத்தார். அதனால்தான் குப்புற வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. லேன் இரண்டாவது தடவையும் திருப்பலாமா என்று கேட்டார். லேன் இரண்டாவது தடவையும் திருப்பலாமா என்று கேட்டார். மொத்தம் 9 நிமிடம் 29 நொடி. அதில் கடைசி மூன்று நிமிடம், டோபின் கணக்கின்படி, ஃபிளாய்டின் உடம்பில் ஆக்சிஜனே மிச்சமில்லை. லேன் கேட்டது சரியான கேள்வி. கேட்டாரே தவிர, கால்களை விடவில்லை.